சாப்பாட்டோடு போடுற குளிசை

மாமியின் அலுமாரி லாச்சிகள் மூன்றையும் கிண்டிப் பார்த்தாகிவிட்டது. குளிசைப் பெட்டி கிடைக்கவில்லை. கீழே ஓட்டோக்காரர் ஹோன் அடித்துக்கொண்டிருந்தார். வெள்ளவத்தை மாடி வீட்டில் கிளெமென்றைத் தவிர ஒருவரும் இல்லை. எல்லோரும் பொறளை மலர்ச்சாலையில் மாமியின் உடலைச் சுற்றி இருந்தார்கள்.

மாமி அன்னபாக்கியம் போனது நேற்று மத்தியானம். சோறு சாப்பிட்டு, மாமாவின் காலுக்குக் கட்டு மாற்றிவிட்டு, "கொஞ்சம் சரியிறன்" என்று படுத்தவர் தேத்தண்ணி நேரத்துக்கு எழும்பவில்லை. எண்பதை நெருங்கிய வயது. முகத்தில் ஒரு சுழிப்புக்கூட இல்லை. இப்படிப் போகக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். மகள் சுபோதினிகூட, முதல் அழுகை அடங்கியதும், தாயின் தலைமயிரைக் கோதியபடி கிளெமென்றை நிமிர்ந்து பார்த்தாள்.

"நித்திரையில சிரிக்கிறா மாதிரிக் கிடக்கு, என்ன?"

"ஓம்" என்றான் கிளெமென்ற், அவள் கணவன். உண்மையாகவே அப்படித்தான் இருந்தது.

இந்த அல்லோலகல்லோலத்தில் சுந்தரலிங்கம் மாமாவின் குளிசையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நேற்று இரவுக் குளிசையும் போகவில்லை, இன்று காலைக் குளிசையும் போகவில்லை. மாமா சீனி வருத்தக்காரர், நீரிழிவு. செருப்பு வெட்டிய சின்னக் காயம் பழுத்து, கணுக்கால் வரை சிவந்து வீங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து அந்த வாரம்தான் வீட்டுக்கு வந்திருந்தார். கால்விரல் தப்பியதே பெரிய காரியம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மிச்சத்துக்கு அன்ரிபயோட்டிக் குளிசை, காலையும் இரவும். வீக்கம் வற்றினாலும் நிற்பாட்டக் கூடாது, கடைசிக் குளிசை வரை போட்டு முடிக்க வேண்டும் என்று அவர் மாமியைப் பார்த்துத்தான் சொன்னார், மாமாவைப் பார்த்து அல்ல. ஆட்களை எடைபோடத் தெரிந்த டொக்டர்.

கடைசியில் குளிசை குசினியில், பாண் வைக்கிற டின்னுக்குள் கிடந்தது. வெறும் வயிற்றில் போட்டால் பிரட்டும் என்பதால், சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணில் பட்டே ஆக வேண்டும் என்று மாமி அதைப் பாணோடு குடிவைத்திருக்கிறார். கிளெமென்றுக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்தது. பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

மலர்ச்சாலையில் கிரியைக்கு இன்னும் நேரம் இருந்தது. மாமா வெள்ளை வேட்டியோடு, கட்டுப்போட்ட காலை இன்னொரு கதிரையில் நீட்டி, மாமியின் முகம் தெரியும் பக்கமாக இருந்தார். கிளெமென்ற் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"மாமா, குளிசை கிடைச்சிட்டுது. ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போடுங்கோ."

"இப்ப வேண்டாம் தம்பி. அவ உதில கிடக்கேக்க நான் என்னெண்டு சாப்பிடுறது? எல்லாம் முடியட்டும்."

"முடியப் பின்னேரம் ஆகும். நேற்று இரவும் போடேல்லை."

"கால் வத்தீட்டுது. பாருங்கோ, நோவே இல்லை." காலை அசைத்துக் காட்டினார். அசைத்தபோது உதடு ஒரு கணம் இறுகியதைக் கிளெமென்ற் பார்த்துவிட்டான்.

மாமாவை அதற்கு மேல் வற்புறுத்தி அவனுக்குப் பழக்கமில்லை. சுபோதினியை அவன் கட்டியபோது மாமா பதிவுக்கு வரவில்லை. கொட்டாஞ்சேனைக் கிறிஸ்தவன், வேதக்காரப் பெடியன் என்பதுதான் காரணம். பேத்தி பிறந்த பிறகு கோபம் போய்விட்டது, மரியாதை வந்தது. 'தம்பி', 'வாங்கோ', 'இருங்கோ'. ஆனால் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்தால் மாமா தண்ணீர் மட்டும்தான் குடிப்பார், அதுவும் போத்தல் தண்ணீர். மாமி அப்படியில்லை. மாதத்தில் ஒரு தரமாவது நூறாம் இலக்க பஸ்ஸில் கோட்டைக்கு வந்து, அங்கிருந்து ஓட்டோ பிடித்து வந்து இறங்குவார். கிளெமென்றின் அக்கா லூர்தம்மாவோடு குசினியில் இருந்து கதை அளந்துவிட்டுப் போவார்.

அந்த நேரம்தான் நாகேந்திரம் சித்தப்பா வந்தார். மாமியின் தங்கையைக் கட்டியவர், நல்ல மனுசன், யாருக்கு என்ன வருத்தம் என்றாலும் பையில் ஒரு மருந்து வைத்திருப்பார்.

"என்ன அண்ணை, சாப்பிடாமல் குளிசை போடேலாதோ? இந்தாங்கோ. எனக்குச் சளிக்குத் தந்தவை, சுகம் வந்திட்டுது, மிச்சம் கிடக்கு. இதுவும் அன்ரிபயோட்டிக்தான். நாளுக்கு ஒண்டு போதும், வெறும் வயித்திலயும் போடலாம்."

மாமா கையை நீட்டினார். பிரச்சினை தீர்ந்தது என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

கிளெமென்றின் கை தானாக நடுவில் போனது. இத்தனை வருடத்தில் அந்தக் குடும்பத்துப் பெரியவர்கள் செய்த எதையும் அவன் மறித்ததில்லை.

"வேண்டாம் சித்தப்பா. மாமா இதயத்துக்கு இரத்தம் இளக்கிற குளிசை போடுறவர். அதோட எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாதெண்டு பார்த்துத்தான் டொக்டர் இதை எழுதினவர். உங்களுக்குத் தந்தது உங்களுக்கு."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கதிரைகளில் கதை நின்றது. நாகேந்திரம் முகம் சுருங்கி, "நான் நல்லதுக்குத்தானே" என்றார். பிரேதப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற சுபோதினி திரும்பிப் பார்த்தாள். மாமா கையை மெதுவாக மடிக்கு எடுத்துக்கொண்டார்.

கிளெமென்ற் வெளியே வந்து வெள்ளவத்தைப் பாமசிக்குப் போன் எடுத்தான். மருந்து கொடுக்கிற றலியாதான் எடுத்தாள். மாமி போனதைச் சொன்னான்.

"அல்லா! அன்ரியா? போன கிழமைதானே இங்க வந்து கதைச்சிட்டுப் போனாங்க…" அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சொல்லுங்க. அங்கிளுக்கு என்ன?"

"ரெண்டு வேளை விட்டுப்போச்சு. ரெண்டையும் சேர்த்து இப்பக் குடுக்கவா?"

"ஐயோ, அப்படிக் குடுக்க வேணாம். விட்டது விட்டதுதான். இப்ப ஒண்டு, சாப்பாட்டோட. இரவைக்கு வழமை போல. காய்ச்சல் வந்தாலோ கால் திரும்பச் சிவந்தாலோ பாத்துக்கொண்டிருக்காம டொக்டர்ட்ட கொண்டு போங்க. மிச்சத்தையும் முடிக்கச் சொல்லுங்க, என்ன?"

"சாப்பிடத்தான் மாட்டன் எண்டுறார்."

"அதுக்கு எங்கிட்ட மருந்தில்ல" என்றாள் றலியா. அழுகைக்குள் ஒரு சிரிப்பு.

லூர்தம்மா அக்கா அதற்குள் வந்துவிட்டாள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று தெரிந்து, இடியப்பமும் சொதியும் அடுக்குப்பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். கிளெமென்ற் ஐயரிடம் போய்க் கேட்டான். அவர் தர்ப்பையைப் பிரித்தபடியே, "வருத்தக்காரர் சாப்பிடத்தான் வேணும். கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார்.

மாமா அதற்குப் பிறகு மறுக்கவில்லை. கிளெமென்றின் தோளைப் பிடித்து நொண்டி நொண்டிப் பின் அறைக்கு வந்தார். சாப்பாட்டுக் கோப்பையில் இரண்டு இடியப்பத்தை வைத்துச் சொதியை ஊற்றும்போது கிளெமென்றுக்குக் கை கூசியது. கடையில் வாங்கியிருக்கலாமோ என்று அப்போதுதான் தோன்றியது.

மாமா ஒரு வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார்.

"இது ஆர் வைச்ச சொதி?"

"எங்கட அக்கா, மாமா. மீன் மச்சம் ஒண்டும் படேல்லை, புதுச் சட்டியில…"

"நான் அதைக் கேக்கேல்லை." இன்னொரு வாய் வைத்தார். "உங்கட மாமி கொட்டாஞ்சேனைக்குப் போட்டு வரேக்க பையில ஒரு போத்தல் சொதி வரும். சைவக் கடையில வாங்கினதெண்டுவா. எந்தச் சைவக் கடையில இப்பிடி றம்பை இலை போட்டு, கடுகு இடிச்சு வைக்கிறாங்கள்? எத்தினை வருசமாத் தின்னுறன்."

கிளெமென்ற் சொதிக் கரண்டியைக் கீழே வைத்தான். "தெரியுமெண்டால் ஏன் மாமா கேக்கேல்லை?"

"கேட்டால் கொண்டு வாறதை நிப்பாட்டிப் போடுவா எல்லே."

வாசலில் நின்ற லூர்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கிளெமென்றுக்குத் தெரியவில்லை. மாமா மூன்றாவது இடியப்பத்துக்குக் கோப்பையை நீட்டினார். பாதிச் சாப்பாட்டில் கிளெமென்ற் கொடுத்த குளிசையை வாங்கி, தண்ணீரோடு விழுங்கினார். கோப்பையில் மிஞ்சிய சொதியை விரலால் வழித்தார்.

"அண்ணை, என்னோட கோபமோ?" என்று நாகேந்திரம் எட்டிப் பார்த்தார்.

"வா, வந்து சாப்பிடு" என்றார் மாமா. "உன்ர குளிசையைக் கொண்டு போய்ப் பாமசியில குடு. ஆரும் கண்டெடுத்துப் போட்டிடுவினம்."

பின்னேரம் கனத்தை மயானத்தில் எல்லாம் குறையில்லாமல் நடந்தது. ஆண்பிள்ளை இல்லாத வீடு. கொள்ளியை மாமாவே வைத்தார். இரவு பாணோடு குளிசை போட்டார். அடுத்த நாள் காலையில், ஒருவரும் சொல்லாமலே, டின்னைத் திறந்து தானே எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார்.

சாம்பல் அள்ளுகிற காடாத்து முடிந்து, அஸ்தியோடு வெள்ளவத்தைக் கடற்கரைக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. தண்டவாளத்தைக் கடந்து மாமாவைப் பிடித்து ஒரு பாறையில் இருத்தினார்கள். ஐயர் மந்திரத்தை முடித்து, துணியால் முடிச்சுப் போட்ட அஸ்தி முட்டியை அவரிடம் கொடுத்தார்.

"இடுப்பளவு தண்ணிக்குள்ள இறங்கி, திரும்பிப் பாராமல் விட வேணும்."

"அப்பா, கட்டு நனையக் கூடாது" என்றாள் சுபோதினி.

மாமா காலைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். நாகேந்திரம் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். மாமா முட்டியை இரண்டு கையாலும் தூக்கி, அவரைத் தாண்டி நீட்டினார்.

"தம்பி, நீங்கள் கொண்டு போங்கோ."

சுற்றி நின்றவர்களில் யாரோ ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தினார்கள். ஐயர் தலையசைத்தார். கிளெமென்ற் சப்பாத்தைக் கழற்றிப் பாறையில் வைத்துவிட்டு முட்டியை வாங்கினான். அது அவன் நினைத்ததைவிடப் பாரம் குறைவாக இருந்தது. அலை முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. நெஞ்சோடு அணைத்திருந்ததைத் தண்ணீருக்குள் தாழ்த்திக் கையை விட்டான். தெகிவளைப் பக்கமிருந்து ஒரு ரயில் கடந்து போகும் வரை அப்படியே நின்றான்.

கரையேறி வந்தபோது அலை பாறைவரை தெறித்துக்கொண்டிருந்தது. மாமா கட்டுப்போட்ட காலை உயர்த்தி வைத்தபடி இருந்தார். கிளெமென்றின் சப்பாத்து இரண்டும் நனையாமல் அவர் மடியில் இருந்தன.