மரியநாயகியின் பங்கு

குருநகர் இறங்குதுறையில் கட்டி நிற்கும் என் வள்ளத்தின் பெயர் மரியநாயகி. மரவள்ளம். வயது என்னைவிடக் கொஞ்சம் குறைவு, குணம் என்னைவிட நல்லது. அவள் விஞ்ஞானக் கட்டுரை எழுதிய கதையை நடந்தபடியே சொல்கிறேன். பொய் சேர்க்க இடம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

என் தம்பி மகள் யசிந்தா யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கடலுக்கடியில் இறால்கள் போடும் சத்தத்தைப் பதிவுசெய்து, எது எந்த இறாலின் சத்தம் என்று கணினியை வைத்துப் பிரிப்பதுதான் ஆராய்ச்சி. இறால் சண்டைபிடித்தால் இருக்கிற சத்தம், யாழ்ப்பாணத்துக் காணி வழக்கில்கூட இல்லை. யசிந்தா மரியநாயகியின் அடியில் ஒலிவாங்கி ஒன்றைக் கட்டிவிட்டாள். நானும் என்னோடு தொழிலுக்கு வரும் லெனாட்டும் ஜெனிசும் வள்ளத்தைக் கடலில் நங்கூரமிட்டு, வெயிலுக்குப் படங்கை இழுத்துவிட்டுப் படுத்துவிடுவோம். மரியநாயகி விழித்திருந்து பதிவுசெய்வாள்.

கட்டுரை ஐஸ்லாந்தில் இருக்கும் ஒரு திறந்த இதழுக்குப் போனது. திறந்த இதழ் என்றால் உலகத்தில் யாரும் காசு கொடுக்காமல் வாசிக்கலாம். ஏற்றுக்கொள்வதற்கு முன்பே கட்டுரையை இணையத்தில் போட்டுவிடுவார்கள். யாரும் கேள்வி கேட்கலாம். ஜப்பான்காரர் கேட்பார், ஜெர்மன்காரர் கேட்பார் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். முதலில் கேட்டது குருநகர்.

மீன் ஏலம் போகிற இடத்தில் லெனாட் தன் போனில் கட்டுரையைத் திறந்தான். யசிந்தாவின் பெயர் இருந்தது. அவளுக்குப் படிப்பிக்கும் பேராசிரியர் டானியலின் பெயர் இருந்தது. எங்கள் மூவரின் பெயர்களும் இருந்தன. லெனாட் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான்.

“அண்ணை, வள்ளத்தின்ரை பங்கு எங்கை?”

ஏலம் நின்றுவிட்டது. எங்களிடம் பிடிபாட்டைப் பங்கிடும்போது ஆட்களுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, வள்ளத்துக்குப் பங்கு. வள்ளத்தின் பங்கில் கைவைத்தவனோடு பிறகு யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள்.

“நித்திரை கொண்ட எங்களுக்குப் பேர், வேலை செய்த அவளுக்கு ஒண்டும் இல்லையோ?” என்றான் ஜெனிஸ்.

யசிந்தா ஸ்கூட்டியில் பறந்து வந்தாள். “பெரியப்பா, வள்ளம் எப்பிடிக் கட்டுரை எழுதும்?”

“நான் எழுதினனான் எண்டோ என்ரை பேரைப் போட்டனீ?”

அவள் அங்கேயே போனை எடுத்தாள். ‘ஒலிப்பதிவு: மரியநாயகி, குருநகர் இறங்குதுறை’ என்று சேர்த்துவிட்டாள். அது என் மனைவி என்று பேராசிரியர் நினைத்தாராம். என் மனைவிக்கு இது தெரியவேண்டாம்.

அதற்குப் பிறகுதான் உண்மையான இடி விழுந்தது. இதழிலிருந்து கேள்வி வந்தது: பதிவுகளில் ‘டொக்... டொக்டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது, அது என்ன? விளக்கம் இல்லாவிட்டால் கட்டுரை இல்லை. கட்டுரை இல்லாவிட்டால் யசிந்தாவுக்குப் பட்டமும் இல்லை. அவளுக்குக் கொடுத்த காலம் அந்த மாதத்தோடு முடிகிறது.

கணினியிடம் கேட்டாள். இது இன்னும் பெயர் வைக்காத இறால் என்றது. சத்தத்தின் கணக்குப்படி அந்த இறால் ஒரு மாட்டளவு. கட்டுரை திறந்து கிடந்ததால் உலகம் முழுக்க இதையும் வாசித்தது. பிரேசிலில் ஒருவர் படமே வரைந்து போட்டுவிட்டார். மீசை மட்டும் பனை உயரம்.

இதழின் ஆசிரியர் ஹெல்கா என்ற அம்மையார் எழுதினார்: எல்லோரையும் காணொளியில் சந்திக்க வேண்டும். முக்கியமாக, ஒலிப்பதிவு செய்த மரியநாயகி அவர்களை.

“துலைஞ்சன்!” என்றாள் யசிந்தா. “வள்ளம் எண்டு தெரிஞ்சால் கட்டுரையைத் தூக்கி எறிஞ்சிடுவினம்.”

“கூப்பிட்டால் போகத்தானே வேணும் பிள்ளை. அவள் நடந்து வரமாட்டாள். நாங்கள் அவளிட்டைப் போவம்.”

மீன்பெட்டியின் மேல் மடிக்கணினியை வைத்தோம். ஜெனிஸ் வள்ளத்துக்குக் குரோட்டன் இலையில் மாலை கட்டியிருந்தான். லெனாட் சப்பாத்துப் போட்டிருந்தான். பேராசிரியர் டானியல் கழுத்துப்பட்டியோடு வந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

“மரியநாயகி அக்கா இன்னும் வரேல்லையோ?”

“வெள்ளணவே வந்திட்டா சேர்,” என்றான் ஜெனிஸ். “உங்கை கட்டி நிக்கிறா.”

திரையில் ஹெல்கா அம்மையார் தெரிந்தார். அவர் ஆங்கிலத்தில் கதைக்க, யசிந்தா எங்களுக்குத் தமிழில் சொன்னாள். மரியநாயகி யார் என்று கேட்டார். நான் கணினியைத் திருப்பிக் காட்டினேன்.

யசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். பேராசிரியர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். நான் பங்குக் கணக்கை விளக்கினேன்; யசிந்தா கண்ணைத் திறக்காமலே அதை ஆங்கிலமாக்கினாள்.

மறுமொழி வந்தது. “பெரியப்பா, தங்கடை ஊரிலையும் வள்ளத்துக்குப் பங்கு உண்டாம். ஆனால் கட்டுரையிலை பேர் வேணுமெண்டால், கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்ல வேணுமாம்.”

“நியாயம்தானே. கேக்கச் சொல்லு.”

ஹெல்கா அம்மையார் திரைக்குக் கிட்ட வந்தார். மரியநாயகியைப் பார்த்து மரியாதையாகவே கேட்டார்: அது என்ன சத்தம்?

அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர்க் கிறிஸ்ரோபரின் பெரிய இழுவைப்படகு, றோலர், கரையை உரசிக்கொண்டு போனது. அதன் அலை வந்து மரியநாயகியைத் தூக்கிப் போட்டது.

“டொக்... டொக்டொக்.”

“இன்னொருக்கா!” என்று கத்தினாள் யசிந்தா. அடுத்த அலை வந்தது. மரியநாயகி திருப்பிச் சொன்னாள். யசிந்தா வள்ளத்துக்குள் பாய்ந்து, பின்பக்கத்து அடிப்பலகையில் கையை வைத்தாள். பலகை ஆடியது. கணினிக்கு அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினாள். ஓம், அதே மாட்டு இறால்தான் என்றது.

“அண்ணை,” என்றான் ஜெனிஸ் வெளிறிப்போய், “கழண்ட பலகைக்கு மேலையோ இவ்வளவு நாளும் படுத்திருந்தனாங்கள்?”

ஹெல்கா அம்மையார் சிரித்துச் சிரித்துத் திரைக்கு வெளியே விழுந்தார். கதிரை மட்டும் தெரிந்தது. கேட்ட கேள்விக்கு இவ்வளவு சுருக்கமாக மறுமொழி சொன்ன ஒருவரைத் தான் இதுவரை கண்டதில்லையாம். மரியநாயகியின் பெயரோடு கட்டுரை வெளிவந்தது. பிரேசில்காரர் மட்டும் இன்னும் நம்பவில்லை என்று கேள்வி.

பட்டமளிப்பின் முதல் நாள் பட்டம் வாங்கிய கையோடு யசிந்தா கறுப்பு அங்கியோடு நேரே இறங்குதுறைக்கு வந்தாள்.

“அப்ப, உந்தப் பட்டத்திலை வள்ளத்துக்கு...” என்று லெனாட் தொடங்கினான்.

“தெரியும் மாமா, வாயை மூடுங்கோ,” என்று அவள் அங்கியைக் கழற்றி மரியநாயகியின் முன்பக்கத்து அணியத்தில் போர்த்தினாள். பலகைக்கு ஆணி அடித்தாயிற்று என்பதால் அப்படியே ஒருமுறை கடலுக்கும் போய் வந்தோம். இறால் நல்ல பாடு, அணியம் வரை குவிந்தது.

அங்கி வாடகை அங்கி. அடுத்த நாள் காலை திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. பட்டமளிப்பின் இரண்டாம் நாளான அன்று அதைப் போட்டவர் சட்டம் படித்தவராம். பெயரைக் கூப்பிட அவர் கம்பீரமாக மேடையேறினார். பின்னால் வரிசையாகப் பூனைகள் ஏறின. அவற்றுக்கும் பட்டம் கொடுத்தார்களா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்வதில்லை.