காதுவலிக்காரன் கை

சுண்டுவிரலில் தொடங்கினாள். பெயின்ட் தின்னரில் நனைத்த பஞ்சை நகக்கண்ணில் அழுத்திப் பிடித்து, பத்து எண்ணிவிட்டுத் தேய்த்தால் கறுப்பு கொஞ்சம் கரைந்து வந்தது. வேலை செய்யும் பல் மருத்துவமனையிலிருந்து எடுத்துவந்த கையுறைகளைப் போட்டிருந்தாள். நாள் முழுக்க அடுத்தவர் எச்சிலையும் ரத்தத்தையும் துடைத்துச் சம்பளம் வாங்குகிறவள். அங்கே ஒருநாளும் குமட்டியதில்லை. சொந்த அண்ணனின் கையைத் துடைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“கட்டைவிரலப் பாரு. அப்படியே இருக்கு,” என்றாள் அம்மா, பக்கத்து நாற்காலியிலிருந்து.

“வருவேன்ல, இரும்மா.”

“கையாவது சுத்தமா போகட்டும். உசுரோட இருந்தப்ப ஒருநாள் பாத்ததில்ல நான்.”

“அவன்தான் சொல்லுவானே, அந்த மை சோப்புக்குப் போகாதுன்னு.”

“சோப்பு போட்டுப் பாத்தாத்தானே தெரியும், போகுமா போகாதான்னு? குளிச்சாத்தானே சோப்பு?”

ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றும் போனது. சவப்பெட்டிக்குள் அண்ணன் வாயை லேசாகத் திறந்துகொண்டு கிடந்தான். நாற்பத்து மூன்று வயது. நேற்று சாயங்காலம் பின்னறையில் இசைத்தட்டு அட்டைக்கு மை அடித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டான். பதினொன்றரைக்கு வண்டி வரும். பன்னிரண்டுக்கு மின்மயானத்தில் நேரம் வாங்கியிருந்தார்கள்.

பகலில் அவன் ஜெராக்ஸ் கடை ஊழியன். மற்ற நேரமெல்லாம் காதுவலி ரெக்கார்ட்ஸின் முதலாளி, எழுத்தர், பார்சல் கட்டுகிறவன், எல்லாம். பங்க் இசை மட்டும்தான் போடுவான். அது என்ன இசை என்று மருத்துவமனையில் யாராவது கேட்டால், “மூணே கட்டை தெரிஞ்சவங்க முடிஞ்ச வேகத்துல வாசிப்பாங்க, ஒருத்தன் முடிஞ்ச மட்டும் கத்துவான்,” என்று சொல்லிவிடுவாள். எந்தக் கம்பெனியும் வாசல்படி ஏற்றாத அந்தக் கத்தலை இவன் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ரெண்டு பழைய டேப் ரெக்கார்டரை ஒயரில் இணைத்து, கேசட் கேசட்டாகப் பிரதி எடுக்க ஆரம்பித்தான். சமையலறையிலிருந்து அம்மா, “காது வலிக்குதுடா பாவி!” என்று அலறினாள். கம்பெனிக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தவன் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டான். அம்மா பெயரே கேட்டிராத ஊர்களுக்கெல்லாம் அம்மாவின் அலறல் தபாலில் போனது.

முதல் இசைத்தட்டு ‘எச்சில்’ என்ற குழுவுடையது. முந்நூறு பிரதி. வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, முதல் பக்கத்தின் நடுவில் ஒட்டும் பெயர் வட்டத்தாளை இரண்டாம் பக்கத்தில் ஒட்டச் சொல்லி இவனே மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று. தூக்கியா போடுவான்? தங்கையை உட்கார வைத்து, முந்நூறு அட்டையிலும் கையால் எழுத வைத்தான்: ‘தப்பு எங்களுது. திருப்பிப் போட்டுக்கோங்க.’ அவளுக்கு அப்போது பதினாறு வயது. நூற்று நாற்பதாவது அட்டையில் விரல் மரத்துப் போனது. இன்றுவரை அந்த இசைத்தட்டை அவள் முழுதாகக் கேட்டதில்லை.

காதுவலிக்கு இரண்டே சட்டம். ஒன்று, பேப்பர் கிடையாது. கை குலுக்கினால் ஒப்பந்தம் முடிந்தது. அண்ணனின் கை எப்போதும் மை ஈரத்தோடு இருக்கும் என்பதால், அவனிடம் ஒப்பந்தம் போட்டவன் கையும் நாலு நாளைக்குக் கறுப்பாக இருக்கும். “அதான் கையெழுத்து,” என்பான். இரண்டு, மாஸ்டர் டேப், அதாவது முதன்முதலில் பதிவான மூல டேப், பாடினவனுடையது. இங்கே சும்மா தங்கியிருக்கிறது. கேட்ட அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். இவனைத் திருடன் என்று பத்திரிகையில் பேட்டி கொடுத்த ஒரு குழு வந்து கேட்டபோதுகூட, டீ போட்டுக் கொடுத்து, டேப்பைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்து அனுப்பினான்.

“உனக்கு ரோஷமே கிடையாதா?” என்று கத்தினாள் அவள்.

“ரோஷம் பூரா பாட்டுல இருக்கு. டேப் அவங்களுது,” என்றான்.

கை முடிந்தது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, அவனுக்கு ஒரு நல்ல சட்டை இருக்கிறதா பார்க்கப் பின்னறைக்குப் போனாள். கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பசை, சிகரெட், ஊறிப்போன சாக்ஸ். டீக் கோப்பைகளுக்குள் பூஞ்சை ரோமம் வளர்த்திருந்தது. ஒரு இசைத்தட்டு அட்டை மேல் வெட்டிப் போட்ட கால்நகங்கள், எண்ணி வைத்தது போல. மை டப்பா மூடாமலே கிடந்தது; மேலே பாலாடை போல ஏடு கட்டியிருந்தது. இப்படியா ஒரு மனுஷன் இருப்பான் என்று அவன் மேல் அருவருப்பும், இத்தனை வருஷத்தில் ஒருநாள் ஒரு கோப்பையைக் கழுவித் தராத தன் மேல் அதைவிட அருவருப்பும் வந்தது. அலமாரியில் எல்லாவற்றின் மேலும் விரல் கனத்துக்குத் தூசி. ஒரே ஒரு சப்பைப் பெட்டி மட்டும் துடைத்து வைத்தது போல இருந்தது. ‘எச்சில். மாஸ்டர். தொடாதே.’

“அத எடு தங்கச்சி,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். தகரம். எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்; டிரம்ஸ் அடிப்பவன், காதுவலியில் நாலு இசைத்தட்டு போட்ட வேறொரு குழுவைச் சேர்ந்தவன். இப்போது பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறான். பிள்ளைகளை இறக்கிவிட்டு, காக்கி உடுப்போடு அப்படியே வந்திருந்தான். பெரிய சத்தத்தோடு மூக்கைச் சிந்தி, கைக்குட்டையை விரித்துப் பார்த்து, மடித்து வைத்துக்கொண்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எதுக்குண்ணே?”

“அவனோட வெச்சு அனுப்பிடலாம். இல்லேன்னா அந்த நாய் வந்து தூக்கிட்டுப் போயிடும்.”

எந்த நாய் என்று அவளுக்குத் தெரியும். எச்சில் குழுவில் கத்தியவன், ஆணி. இதே பின்னறையில் எட்டு மாதம் படுத்துக் கிடந்து, அம்மா கையால் சாப்பிட்டு, அவளை ‘ஏ வாலு’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன். பெரிய கம்பெனி ஒன்று கூப்பிட்டதும் போனான். இப்போது பற்பசை விளம்பரத்தில் வருகிறான். மருத்துவமனைக் காத்திருப்பறை டிவியில் மணிக்கு மூன்று தடவை அவன் பல்லைக் காட்டிக்கொண்டு அதே பழைய கத்தலைக் கத்துவான். ஈறு வீங்கி உட்கார்ந்திருக்கிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

அவள் பெட்டியைக் கொண்டுவந்து அண்ணனின் வலது கைக்கு அடியில் வைத்து, போர்வையை மேலே இழுத்துவிட்டாள்.

“அந்தச் சனியன் பிடிச்ச சத்தமும் கூடவே போகுதா?” என்றாள் அம்மா. “போகட்டும். தனியா போனா அவனுக்குப் போரடிக்கும்.”

பதினொரு மணிக்கு ஆணி வந்தான். கார் நிற்பதற்கு முன்பே சென்ட் வாடை உள்ளே வந்தது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. பின்னாலேயே மேனேஜர், வாயில் எதையோ மென்றுகொண்டு, கையில் போனை உயர்த்திப் பிடித்தபடி. ஆணி வாசலில் ஒரு நொடி நின்றான். கண்ணாடியைக் கழற்றினான். ஓடிவந்து சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “தலைவா!” என்று கதறினான்.

“சார், இன்னொரு தடவை,” என்றான் மேனேஜர் மெதுவாக. “வாசல் வெளிச்சம். முகம் இருட்டடிச்சிருச்சு.”

ஆணி எழுந்து வெளியே போனான்.

“என்னடி இவன், மறுபடி இப்பத்தான் வர்ற மாதிரி வர்றான்?” என்றாள் அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி.

இரண்டாவது தடவை கண்ணீர் நன்றாகவே வந்தது. ஆணி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.

“சிஸ்டர், ஒரு நிமிஷம்.”

வாலு சிஸ்டராகிவிட்டாள்.

“எச்சில் மாஸ்டர் டேப் இங்கதான் இருக்கும். கம்பெனி அந்த ரெக்கார்டைத் திரும்பப் போடுது. பெருசா.”

“அவன் செத்த பிறகுதான் அது ஞாபகம் வந்துச்சா?”

“இல்ல. போன மாசமே போன் பண்ணிக் கேட்டேன். எடுத்துத் தொடச்சு வெக்கிறேன், எப்ப வேணா வந்து வாங்கிக்கன்னாரு. எனக்குத்தான் டைம் கிடைக்கல.”

அவள் வாயைத் திறப்பதற்குள் தகரம் குறுக்கே வந்தான். “அதுவா? எலி கடிச்சுப் போட்டுச்சு. குப்பையில போட்டாச்சு.”

“எலியா?” என்றான் ஆணி. மேனேஜர் போனைக் கீழே இறக்கியிருந்தான். ஆணியின் முகத்தில் அதுவரை இருந்தது எல்லாம் கழன்று, பின்னறையில் படுத்துக் கிடந்த பயலின் முகம் ஒரு கணம் வந்துவிட்டுப் போனது. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. நல்லவனாக ஒரு கணம் இருந்துவிட்டுப் போவது அதைவிடக் கேவலம் என்று பட்டது.

“சரி, விடுங்க,” என்றான் மேனேஜர், உறையிலிருந்து தாள்களை உருவியபடி. “டேப் இல்லேன்னா, இந்த ரெக்கார்டுல உங்களுக்கு எந்த உரிமையும் இல்லேன்னு மேடம் ஒரு கையெழுத்துப் போட்டுட்டாப் போதும்.”

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று இருபது. இன்னும் பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். வண்டி வந்துவிடும். மூடியை மூடிவிடுவார்கள். அண்ணனும் போய்விடுவான், டேப்பும் போய்விடும், ஆணி வெறுங்கையோடு கார் ஏறுவான். அதை நினைக்கவே இனித்தது. அலமாரி முழுக்கத் தூசிக்கு நடுவே அந்த ஒரு பெட்டியை மட்டும் அண்ணன் துடைத்து வைத்திருந்தான்.

அவள் போர்வையை விலக்கினாள். அண்ணனின் கையைத் தூக்கினாள். நினைத்ததைவிடக் கனமாக, சில்லென்று இருந்தது. தர மறுக்கும் கை போலவே இருந்தது. பெட்டியை உருவினாள்.

“தங்கச்சி!” என்றான் தகரம்.

“பாடினவனோடதுண்ணே.”

“அவன் எங்க பாடினான்? கத்துனான்!”

“சரி. கத்துனவனோடது.”

ஆணி கையை நீட்டினான். மேனேஜர் பேனாவை நீட்டினான். “அப்ப வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்து மேடம்.”

“எங்ககிட்ட கையெழுத்து கிடையாது,” என்றாள். “இவருக்குத் தெரியும்.”

டேப்போடு பின்னறைக்குப் போனாள். மை டப்பாவின் ஏட்டை விரலால் உடைத்தாள். அடியில் மை பிசுபிசுவென்று உயிரோடு இருந்தது. உள்ளங்கை முழுக்க முக்கி எடுத்தாள். குளிர்ந்த சேற்றுக்குள் கை விட்டது போல உடம்பு ஒருதரம் சிலிர்த்தது. சொட்டச் சொட்ட வந்து ஆணியின் முன்னால் வலது கையை நீட்டினாள். இடது கையில் டேப்.

“சார், அதெல்லாம் வேணாம். நாலு மணிக்கு ஷூட்டிங் இருக்கு,” என்றான் மேனேஜர், போனைத் தூக்கிக்கொண்டே.

“எடுக்காதய்யா,” என்றான் ஆணி.

வெள்ளைச் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டான். நேரம் எடுத்துக்கொண்டுதான் சுருட்டினான். பிறகு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் விரல் இடுக்குகளுக்குள் எல்லாம் மை ஏறும் வரை அவள் விடவில்லை.

“முடிஞ்சது,” என்று டேப்பைக் கொடுத்தாள்.

ஆணி உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அம்மா, அந்த மருந்து ஒண்ணு இருக்குமே. தலைவர் வெச்சிருப்பாரு. நெடி அடிக்குதே, இங்கதான் எங்கயோ இருக்கு.”

அம்மா காலடியில் இருந்த தின்னர் பாட்டிலைக் குதிகாலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினாள்.

“நெடி நீ பூசிட்டு வந்தது தம்பி. அந்த மருந்து தீந்து போச்சு. சோப்பு போட்டுத் தேயி. பாத்ரூம் தெரியும்ல, எட்டு மாசம் இருந்தியே.”

அவன் போனான். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மேனேஜர் துண்டு ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டு பின்னால் ஓடினான்.

வெளியே வண்டி வந்து நின்றது. இரண்டு முறை ஹாரன் அடித்தார்கள். மூடியைத் தூக்க தகரம் குனிந்தான்.

“ஒரு நிமிஷம்ணே,” என்றாள்.

அண்ணனின் கை போர்வை மேல் கிடந்தது. நகங்கள் வெள்ளை வெளேரென்று, வேறு யாருடைய கையோ போல இருந்தது. அவள் அதை எடுத்து, தன் கறுப்புக் கையால் இறுகப் பற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரம் குலுக்காமல் சும்மா பிடித்திருந்தாள். விட்டபோது கட்டைவிரல் நகம்வரை மை ஏறியிருந்தது.

தகரம் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மா மகனின் கையையே பார்த்தாள். பிறகு மெல்லக் குனிந்து, நாற்காலிக்கு அடியிலிருந்து தின்னர் பாட்டிலை எடுத்து, அதன் மூடியைத் திருகி இறுக்கி, மடியில் வைத்துக்கொண்டாள்.

பாத்ரூமில் தண்ணீர் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.