வியாழக்கிழமைச் சேட்டு

"அந்தச் சேட்டு வேண்டாம் பிள்ளை. கொண்டுபோய் வை."

மகள் தூக்கி வந்தது நீலக்கோடு போட்ட முழுக்கைச் சேட்டு. செத்துப்போன மாமாவிடம் இருந்த நல்ல சேட்டு அது ஒன்றுதான். தங்கரத்தினம் அதைப் பறித்துக் கதிரையில் போட்டுவிட்டு, தன் புருசனின் வெள்ளைச் சேட்டை அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஆண்கள் அதை மாட்டி, சோமசேகரத்தைச் சவப்பெட்டிக்குள் கிடத்தினார்கள். ஒரு கால்தான் இருந்ததால் வேட்டி ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது.

"எல்லாரும் ஒருக்கா வெளியில நில்லுங்கோ. தலையை நான் சரியா வைக்கிறன்."

தம்பியின் தலையை அக்கா சரிசெய்வதில் யாருக்கும் சந்தேகம் வராது. கதவைச் சாத்தியதும் பெட்டியோடு வந்த சின்னத் தலையணையை இழுத்தெடுத்தாள். சீலைக்குள் மறைத்து வைத்திருந்த கடதாசிக் கட்டை வெள்ளைத் துவாயால் சுற்றி அந்த இடத்தில் வைத்தாள். தலை சரியாக உட்கார்ந்தது. சண்டைக்காலம். அஞ்சு மணிக்குள் எரித்து முடிக்க வேண்டும் என்று நேவி சொல்லியிருந்தது. அதோடு இதுவும் முடிந்துவிடும்.

சோமசேகரம் கந்தளாய் சீனித் தொழிற்சாலையில் கிளாக்கராக இருந்தவன். "சீனி பக்டரியில வேலை செய்தவனுக்குப் பென்சனும் சீனியாத்தான் வரும்" என்று தன் சீனி வருத்தத்தைப் பற்றி அவனே பகிடி விடுவான். அந்த வருத்தத்தில் கால் எடுத்த பிறகு பாலையூற்றில் அக்கா வீட்டு முன்னறையோடு இருந்துவிட்டான்.

கடதாசி வேலை தொடங்கியது போன வருசம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்ரநெற் கடை வைத்திருக்கும் சரீப், வியாழக்கிழமை பின்னேரங்களில் சைக்கிளில் வந்து ஒரு கட்டைக் கொடுப்பான், ஒரு கட்டை வாங்கிப் போவான். எல்லாம் இங்கிலீசு. அச்சடித்த வரிகளில் சிவப்புப் பேனையால் சோமசேகரம் சுழித்திருப்பான். ஓரத்தில் இலக்கங்கள். ஒரு கொப்பியில் திகதி, பக்கம், வரி, வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்கள்.

"என்னடா இது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எழுத்துப் பிழை திருத்திறன் அக்கா. கொம்பியூட்டர் புரோகிராம் ஒண்டு. ஆருக்கும் சொந்தமில்லை, ஆரும் எடுத்துப் பாவிக்கலாம். அதுக்கு விளக்கப் புத்தகம் ஒண்டு எல்லா நாட்டு ஆக்களும் சேர்ந்து எழுதுறாங்கள். நிறையப் பிழை. ஆரும் திருத்தி அனுப்பலாம்."

"என்ன தாறாங்கள்?"

"ஒண்டும் இல்லை."

"உலகத்தில இங்கிலீசு தெரிஞ்சவன் எல்லாம் செத்தே போனான்? வெளிநாட்டுக்காரன்ர புத்தகத்தில பிழை பிடிக்கப் பாலையூற்றில ஒரு காலோட இருக்கிற நீதான் கிடைச்சியோ?"

அவன் சிரித்தான். "பிழை பிடிக்கக் கால் தேவையில்லை அக்கா."

அந்தச் சிரிப்பையும் அவள் நம்பவில்லை.

பங்குனி மாதம் அடுத்த ஒழுங்கையில் ஒரு மாஸ்டரின் வீட்டை நேவிக்காரர் சோதித்தார்கள். அலுமாரியில் இலக்கங்கள் எழுதின கொப்பி ஒன்று இருந்ததாம். டியூசன் பிள்ளைகளின் மார்க்ஸ் என்று அவர் சொன்னாராம். அவரை ஏற்றிக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொண்டுவந்து விடவில்லை. தங்கரத்தினத்தின் புருசன் குலசிங்கம் துறைமுகத்துக்குள் கிரேன் திருத்துகிறவர். நேவி பாஸ் கழுத்தில் தொங்கினால்தான் அந்தக் கேற்றுக்குள் கால் வைக்கலாம். வீட்டில் பதினேழு வயதில் ஒரு பெண்பிள்ளை. இதற்குள் எழுத்துப் பிழையாம்! சரீப் இரண்டு பக்கத்துக்கும் போய்வருகிறவன் என்று முன்வீட்டுக் கனகம்மா வேறு சொன்னாள். எந்த இரண்டு பக்கம் என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

அடுத்த வியாழன் கேற்றடியிலேயே சரீப்பை மறித்தாள்.

"தம்பி, இனி இஞ்ச வராதேங்கோ. குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு."

அவன் சைக்கிளைத் திருப்பினான். அவள் உள்ளே போய், சரீப் கடையைப் பூட்டிவிட்டுக் கிண்ணியாவுக்குப் போய்விட்டானாம் என்று தம்பியிடம் சொன்னாள்.

"சொல்லாமப் போகமாட்டானே" என்றான் சோமசேகரம்.

அதற்குப் பிறகும் ஆறு வியாழன் வந்தது. ஆறு வியாழனும் அவன் சவரம் செய்து, நீலக்கோட்டுச் சேட்டைப் போட்டு, பொக்கற்றில் சிவப்புப் பேனையைச் செருகிக்கொண்டு கேற்றைப் பார்த்தபடி இருந்தான். மடியில் திருத்தி முடித்த கட்டு. ஒருதரம் மருமகளிடம், கடைப்பக்கம் போய் எட்டிப் பார்க்கச் சொன்னான். தங்கரத்தினம் விடவில்லை. ஆறாவது வியாழனுக்கு மற்றநாள் காய்ச்சல் தொடங்கியது. நேற்றுக் காலமை ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது.

கொள்ளி வைக்கக் குச்சவெளியிலிருந்து பெரியப்பாவின் மகன் சின்னராசா வர வேண்டும். வழியில் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கிச் சோதிக்கிறார்களாம். குலசிங்கம் நிமிசத்துக்கு ஒருதரம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கேற்றடியில் ஒரு சைக்கிள் வந்து நின்றது.

கனகம்மா முழங்கையால் இடித்தாள். "அங்க பார். கடை பூட்டிக் கிண்ணியாவுக்குப் போனவன் எண்டனீ? கிண்ணியா இப்ப பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்திலயோ?"

தங்கரத்தினம் எழும்பிப் போனாள். ஒழுங்கை முடிவில் சென்றி. மண்மூட்டைக்குப் பின்னால் இரண்டு நேவிக்காரர் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இண்டைக்குக் காலமதான் கேள்விப்பட்டன் அக்கா" என்றான் சரீப். "வரவா, வேண்டாமா எண்டு கனநேரம் யோசிச்சன்."

"இப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்?"

அவன் பொக்கற்றிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தான். "புத்தகத்தின்ட கடைசிப் பக்கம். உதவி செஞ்ச ஆக்கள்ட பேர் போட்டிரிக்காங்க. இந்தா, அண்ணன்ட பேர்."

நீளமான பட்டியலின் நடுவில் தம்பியின் பெயர் இருந்தது. பக்கத்தில் திருகோணமலை என்றும் இருந்தது. ஊரையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். யார் யார் இதைப் பார்த்திருப்பார்கள்?

"மடியுங்கோ அதை. முதல்ல உள்ள வையுங்கோ."

அவன் மடித்தான். "அக்கா, அண்ணன்ட கையில கடைசிக் கட்டு ஒண்டு இரிக்கி. நூத்தி எழுபது பக்கம். தந்தீங்கெண்டா நான் அடிச்சு அனுப்பிருவன். அவங்க அதுக்குத்தான் பாத்துக்கொண்டு இரிக்காங்க. திருகோணமலை ஆளுக்கு என்ன, சுகமில்லையா எண்டு மூணு தரம் எழுதிக் கேட்டுட்டாங்க."

"அப்பிடி ஒண்டும் இஞ்ச இல்லை."

இலேசாக வந்தது. ஆறு கிழமையாகப் பழகின வாய்.

சரீப் தலையாட்டினான். ஆனால் சைக்கிளைத் திருப்பவில்லை. பிறேக்குக் கம்பியை நோண்டிக்கொண்டு கேட்டான். "அண்ணன் என்னைக் கேட்டவரா?"

உள்ளே யாரோ செருமினார்கள். ஊதுபத்திப் புகை கேற்றுவரை வந்தது.

"ஓம்" என்றாள். பிறகு, "ஒவ்வொரு வியாழனும்" என்றாள்.

"நான் கடையிலதான் இருந்தன் அக்கா."

அந்த நேரம் ஒழுங்கை முனையில் சின்னராசா ஓட்டமும் நடையுமாக வருவது தெரிந்தது. வீட்டுக்குள்ளிருந்து குலசிங்கம் கத்தினார். "சின்னராசா வந்திட்டான்! வாய்க்கரிசி போடுறாக்கள் கெதியாப் போடுங்கோ. மூடவேணும்."

தங்கரத்தினம் வாய்க்கரிசி போட்டாள். பிறகு பெட்டிமேல் விழுந்தாள். பெண்கள் அழுகையைக் கூட்டினார்கள். "விடு பிள்ளை, விடு, அவன் போகட்டும்" என்று கனகம்மா தோளைப் பிடித்து இழுத்தாள். தங்கரத்தினம் விடவில்லை. அவளுடைய வலது கை தம்பியின் தலைக்குக் கீழே போயிருந்தது. துவாயோடு கட்டு வெளியே வந்தபோது, தலை பலகையில் "டொக்" என்று விழுந்தது. அழுகை நின்றது.

குலசிங்கம் துவாயைப் பார்த்தார், நழுவித் தெரிந்த சிவப்புச் சுழிகளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ரத்தினம், உமக்கென்ன விசரே? வெளியில நேவிக்காரன் நிக்கிறான். என்ன இதெல்லாம்?"

"எழுத்துப் பிழை" என்றாள்.

"என்ன?"

"எழுத்துப் பிழை இஞ்சேருங்கோ. வேற ஒண்டுமில்லை."

கட்டை நெஞ்சோடு பிடித்தபடி நிமிர்ந்து மகளைத் தேடினாள். "பிள்ளை, அந்த நீலக்கோட்டுச் சேட்டை எடுத்துக்கொண்டு வா."

அதை நாலாக மடித்து, தம்பியின் தலையைத் தூக்கி, தலைக்குக் கீழே வைத்தாள். பொக்கற்றில் பேனை தட்டுப்பட்டது. அதை எடுக்கவில்லை. மூடியைப் போட்டார்கள்.

பெண்கள் கேற்றோடு நின்றுகொண்டார்கள். தங்கரத்தினம் கொடுத்த கட்டோடு சரீப் முன்னால் போயிருந்தான். சென்றியில் அவனை மறித்தார்கள். சைக்கிள் கரியரில் கட்டியிருந்ததை ஒரு நேவிக்காரன் அவிழ்த்து, முதல் தாளைப் பிடித்துப் பார்த்தான். மற்றவனைக் கூப்பிட்டான். இருவரும் சிவப்பு மையில் விரலை வைத்து வைத்துப் பார்த்தார்கள். பாதைக்குக் குறுக்கே தடி இறக்கியபடியே இருந்ததால் பெட்டியும் அங்கேயே நின்றது. குலசிங்கம் கழுத்துப் பாஸைத் தூக்கிக் காட்டியபடி நின்றார்.

"நான் சொன்னனான்தானே" என்றாள் கனகம்மா.

தங்கரத்தினம் கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாள்கள் ஒவ்வொன்றாகப் புரண்டன. சில கீழே விழுந்தன. கடைசியில் ஒரு நேவிக்காரன் முழுவதையும் அள்ளி மண்மூட்டைமேல் போட்டுவிட்டுத் தடியைத் தூக்கினான்.

பெட்டி தடியைத் தாண்டி வளைவில் திரும்பி மறைந்தது. சரீப் போகவில்லை. சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு, மண்மூட்டையடியில் குந்தி, கலைந்த பக்கங்களை இலக்கம் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான்.