ஃபுல்டன் தெரு, நானூற்றுப் பதினெட்டு

லென் பிஸ்கோர் தன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியம் கரி அடுப்பு பற்றவைப்பது ஒன்றுதான். அதை அவனே ஒப்புக்கொள்வான். போர்ட் கெல்லர் நகரத்தின் ஏரிக்கரை ஸ்டேடியத்துக்கு வெளியே, கார் நிறுத்தும் மைதானத்தில், மூன்றாவது விளக்குக் கம்பத்தடியில் இருபத்தாறு வருஷமாக அந்த அடுப்பு எரிகிறது. ஆட்டம் இருக்கிற ஞாயிறுகளில் காலை எட்டு மணிக்கே சாசேஜ் வேகத் தொடங்கிவிடும். உள்ளூர் அணியான ஸ்டோக்கர்ஸ் தோற்பதற்கு மதியம் வரை ஆகும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. எதிரணிச் சட்டை போட்டவன் யாராவது அந்தப் பக்கம் வந்தால் முதல் தட்டு அவனுக்குத்தான். அவன் நின்றுகொண்டே தின்ன வேண்டும். தின்று முடிக்கும்வரை அவனை எல்லோரும் வாயாரத் திட்டுவார்கள்.

கூட்டம் பெரிதல்ல. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ரோஸெட்டா, குழாய் ரிப்பேர் செய்கிற டூலி, அப்புறம் லென். ரோஸெட்டாவிடம் கார் கிடையாது, ஒன்பதாம் நம்பர் பஸ்ஸில் வருவாள். டூலி நடந்தே வந்துவிடுவான். லென் மட்டும் காரில் வருவான், துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு. நெடுஞ்சாலையிலிருந்து நேராக இறங்கினால் கால் மணி நேரம் மிச்சம். ஆனால் அந்த வழியாக இறங்குகிறவர்கள் புறநகர்க்காரர்கள். லென் புறநகருக்குக் குடிபோய் ஒன்பது வருஷம் ஆகிறது. அதை இவர்களிடம் சொன்னதில்லை.

வீட்டின் முன்னால் புல்தரை வேண்டும் என்று அவன் மனைவிதான் ஆல்டர் கிரீக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டே வருஷத்தில் அவள் அரிசோனாவுக்குப் போய்விட்டாள். புல்தரை அவன் தலையில் விழுந்தது. வாரத்தில் ஆறு நாள் அவன் பேசுவது புல்வெட்டும் இயந்திரத்தோடுதான், அதுவும் ஸ்டார்ட் ஆகாதபோது. போர்ட் கெல்லரை விட்டுப் போகிறவர்களை ஒரு காலத்தில் ஓடுகாலிகள் என்று திட்டியவன் அவன். அதனால் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டே ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

இப்போது ஸ்டோக்கர்ஸ் அணியும் ஓடப் பார்த்தது. அதுவும் ஆல்டர் கிரீக்குக்கே. அங்கே பழைய குதிரைப் பந்தய மைதானத்தில் கூரை போட்ட புது ஸ்டேடியம் வரப்போகிறது. லென்னின் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடம். வேறு எவனாவது இருந்தால் துள்ளிக் குதித்திருப்பான். ஆனால் ஆல்டர் கிரீக்குக்குப் பஸ் கிடையாது. அங்கே கார் நிறுத்துவது அடுக்குமாடிக் கட்டடத்தில், நெருப்பு மூட்டக்கூடாது. அணி அங்கே வந்தால் ரோஸெட்டாவும் டூலியும் வரமாட்டார்கள். அவனுக்கு மிஞ்சியிருந்த ஒரே ஒரு கிழமையும் போய்விடும்.

பழைய ஸ்டேடியத்தைப் பழுது பார்க்க நகரம் பணம் கொடுத்தால் அணி இங்கேயே இருக்கும் என்று பேச்சு. அதற்கு நகர மன்றம் கூடியது. பொதுமக்கள் ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேசலாம். வாய் நீளம் என்பதால் தங்கள் சார்பில் பேச ரோஸெட்டாவும் டூலியும் லென்னையே அனுப்பினார்கள். அவன் மூன்று நாள் கண்ணாடி முன் நின்று பழகினான். 'இந்த மண்ணின் மைந்தன் நான்' என்று தொடங்கும் பேச்சு. கண்ணாடிக்குப் பிடித்திருந்தது.

மைக் முன்னால் போய் நின்றதும் மன்றத் தலைவி கேட்டாள், "பேரும் முகவரியும் சொல்லுங்க. பதிவு பண்ணணும்."

அந்தக் கேள்விக்கு அவன் பழகவில்லை. பின்வரிசையில் ரோஸெட்டாவும் டூலியும் அணியின் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"லெனார்ட் பிஸ்கோர். நானூத்திப் பதினெட்டு, ஃபுல்டன் தெரு."

அந்த வட்டாரத்து உறுப்பினர் கின்டெரோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஃபுல்டன் தெரு நானூத்திப் பதினெட்டா? அத இடிச்சு நாலு வருஷம் ஆச்சே. இப்ப அது கார் நிறுத்துற இடம். நான்தான் ரிப்பன் வெட்டினேன்."

மன்றமே சிரித்தது. யாரோ, "கார்லயே குடியிருக்கார் போல" என்றான். லென்னுக்கும் சிரிப்புதான் வந்தது; மண்ணின் மைந்தனுக்குத் தன் பழைய வீட்டை இடித்தது தெரியாது. ஃபுல்டன் தெருப் பக்கமே போகாமல் துறைமுகத்தைச் சுற்றி வந்ததன் பலன்.

அவன் பேச்சு எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்தான். "பொய் சொல்லிட்டேங்க. ஆல்டர் கிரீக்ல இருக்கேன். பதினேழு, மெடோலார்க் சந்து. புது ஸ்டேடியத்துக்கு நடந்தே போயிடலாம். எனக்கு அது வேண்டாம். அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

அடுத்துப் பேச எழுந்தவர் அணியின் வக்கீல். மிகவும் மரியாதையாக நன்றி சொன்னார். "எங்க தீவிர ரசிகரே புறநகர்லதான் இருக்கார். நாங்க அவர் பின்னாடிதான் போறோம்."

ஆக, அணியைக் காப்பாற்றப் போனவன் அதை வண்டியேற்றி விட்டான். மன்றம் முடிவை ஆறு வாரம் தள்ளிவைத்தது. அதற்குத் தெரிந்த ஒரே ஆட்டம் அதுதான். லென் திரும்பிப் பார்த்தபோது பின்வரிசை காலியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போவதா வேண்டாமா என்று புல்தரையைக் கேட்டான். அது ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பினான். முதல்முறையாக நெடுஞ்சாலையிலிருந்து நேராக இறங்கினான். எல்லோரும் பார்க்கட்டும்.

மூன்றாவது கம்பத்தடியில் டூலி பற்றவைத்த அடுப்பு புகையாகக் கக்கிக்கொண்டிருந்தது. யாரும் வா என்று சொல்லவில்லை. அவனுடைய நாற்காலி மடித்தபடியே கம்பத்தில் சாய்ந்திருந்தது. ரோஸெட்டா ஒரு பன்னைப் பிளந்து, சாசேஜை வைத்து, வெங்காயமும் கடுகுச் சாஸும் போட்டு, தட்டை அவனிடம் நீட்டினாள்.

"வெளியூர்க்காரருக்கு முதல் தட்டு. நின்னுக்கிட்டே தின்னு."

நின்றுகொண்டே தின்றான். ரோஸெட்டா ஆரம்பித்தாள். இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவளின் வாய். அவனுடைய புல்தரை, அவனுடைய சந்தின் பெயர், வழுக்கை, மைக் முன்னால் சொன்ன பொய், எதுவும் தப்பவில்லை. டூலி மட்டும் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தான். கடைசியில் நிமிராமலே சொன்னான்.

"ஆறு வருஷம் முன்னாடி ஒனக்குக் காய்ச்சல்னியே, பனியில சூப்பு தூக்கிக்கிட்டு ஃபுல்டன் தெருவுக்கு வந்தேன். கதவத் தொறந்தது வேற எவனோ. படியில உக்காந்து நானே குடிச்சேன்."

"அப்பவே தெரியுமா? ஏன்யா கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். நல்ல சூப்புய்யா அது."

லென் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். கடுகு ஜாஸ்தி என்று சொல்லிச் சமாளித்தான். யாரும் நம்பவில்லை.

தட்டு காலியானதும் ரோஸெட்டா அவனுடைய காரை ஒரு சுற்று சுற்றி வந்து, பஸ் டிரைவரின் கண்ணோடு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பாழாப்போன ஊருக்கே அணி போயிடுச்சுன்னா, இதுல எத்தன பேர் ஏறலாம்?"

"அஞ்சு பேர்."

"ஒன் வீட்டுப் புல்லுல அடுப்பு வைக்கலாமா?"

ஒன்பது வருஷமாக வெட்டி வெட்டிக் காப்பாற்றிய புல். "தாராளமா," என்றான். "கருகிப்போனா சந்தோஷம்."

"அப்ப நாற்காலிய விரி," என்றாள் ரோஸெட்டா. "மொதல்ல அந்த அடுப்பப் பாரு. டூலி எங்களக் கொல்லப் பாக்கறான்."