நடுவில் சேராத கோடு

கடையின் கண்ணாடி மேசைமேல் தன் வேட்டைத் துப்பாக்கியின் பழைய ஸ்கோப்பை, அந்தக் குறி பார்க்கும் குழலை, வைப்பதற்கு முன், வெர்ன் அதைக் காதோரம் பிடித்து ஒருமுறை குலுக்கிப் பார்த்தார்.

"உள்ள குறி பார்க்கிற கோடு அறுந்து போச்சு லாய்ட். சத்தம் வரல. ஆனா அறுந்துதான் கிடக்கு."

கடைக்காரர் லாய்ட் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் மான் வேட்டை தொடங்குகிறது. கடை முழுக்க ஆரஞ்சுச் சட்டைகளும் தோட்டாப் பெட்டிகளும் இடுப்பளவு குவிந்திருந்தன. கணவர் வெர்னின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு டார்லீன் ஓர் எட்டு பின்னால் நின்றாள். வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள். பழையதே போதும் என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவார் என்ற பயத்தில் கூட வந்தாள்.

போன நவம்பரில் கல்லெறி தூரத்தில் நின்ற மானை வெர்ன் தவறவிட்டார். மறுநாள் இன்னொன்றை. குறி தவறியவனின் சட்டைப் பின்நுனியைக் கத்தரித்துக் குடிசைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவது அவர்கள் வேட்டைக்குழுவின் வழக்கம். அத்தனை வருடமாகக் கத்தரியை மற்றவர்கள் சட்டைமேல் வைத்தவர் அவர். இரண்டு சட்டையும் குட்டையாகி வீடு திரும்பியபோது, அவற்றை மடித்துத் தைத்துக் கொடுத்தது டார்லீன்தான். வெர்னின் தம்பி கென் வருடம் முழுக்க, காப்பி குடிக்க வந்தாலும் சரி, தேவாலய வாசலில் பார்த்தாலும் சரி, "அண்ணனுக்குச் சட்டைத் துணி வாங்கித் தரணும்" என்பான். வெர்ன் சிரிப்பார். சிரித்துவிட்டு அன்று இரவுச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிடுவார்.

"ரொம்ப விலை வேண்டாம்ப்பா. கிழவன் கண்ணுக்குத் தோதா, வெளிச்சமா ஒண்ணு எடு" என்றார் வெர்ன்.

"கிழவன் கண்ணுக்குன்னு தனியா எவனும் செய்யல. கஞ்சன் பாக்கெட்டுக்குன்னு வேணா ரெண்டு மூணு இருக்கு."

இருப்பதிலேயே மலிவானதை லாய்ட் எடுத்துக் கொடுத்தார். பின்பக்க வளையத்தைத் திருகினால் கண்ணுக்கேற்பத் தெளியும் என்றார். வெர்ன் இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த மான் தலையைக் குறி பார்த்தார். வளையத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகினார்.

"இதுலயும் இல்லையே."

"என்ன இல்ல?"

"கோடு. நாலு பக்கத்துலேர்ந்தும் தடியா வருது. நடுவுல வந்து சேரல. மலிவுச் சரக்குல நடுவை விட்டுட்டானுங்களா?"

லாய்ட் அதை வாங்கித் தாமும் பார்த்தார். இரண்டு மடங்கு விலையில் இன்னொன்றைக் கொடுத்தார். அதிலும் நடு இல்லை என்றார் வெர்ன். பிறகு லாய்ட் அந்தப் பழைய ஸ்கோப்பை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். தூசியே இல்லாத கண்ணாடியை மெதுவாகத் துடைத்தார். துடைத்து முடித்து, வெர்னிடம் தராமல் டார்லீனிடம் நீட்டினார்.

"நீ ஒரு தடவை பாரு டார்லீன்."

அவள் பார்த்தாள். தலைமயிர் பருமனில் இரண்டு கோடுகள், மானின் மூக்கு நுனியில் சுத்தமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு நின்றன. மூக்கில் படிந்திருந்த தூசிகூடத் தெரிந்தது. குழலைக் கண்ணிலிருந்து எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. எடுத்தால் பேச வேண்டும்.

"உனக்குத் தெரியுதா?" என்றார் வெர்ன்.

"எனக்கும் சரியாத் தெரியல."

"கேட்டியா லாய்ட்? என் கண்ணை விடு. இவளுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் தொங்குற விலைச் சீட்டே படிக்க வரும். குறை என் கண்ணுல இல்ல, உன் சரக்குல."

லாய்ட் சிரிக்கவில்லை. டார்லீனைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கென்னின் மகள் இந்த வருடம் முதல்முறையாக வேட்டைக்கு வருகிறாள். சதுப்பு ஓரத்தில் வெர்னுக்கு எதிர்ப்பக்கம்தான் அவளுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அது நினைவுக்கு வந்தபோது, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள டார்லீன் வாயைத் திறந்தாள். வாய் திறந்தபடியே இருந்தது.

"இடது கண்ணால ஒரு தடவை பாரேன்" என்றார் லாய்ட், விலைப்பட்டியலைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டு.

"எதுக்கு? ஆயுசு முழுக்க வலது தோள்ல வெச்சு சுட்டவன் நான்."

"சும்மா பாரேன்."

வெர்ன் பார்த்தார். "சேருதே" என்று முணுமுணுத்தார். வலது கண்ணுக்கு மாற்றினார். மறுபடி இடதுக்கு. மலிவானதை வைத்துவிட்டு விலையானதை எடுத்தார். அதிலும் அப்படியே, இந்தக் கண், அந்தக் கண். கடைசியில் எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு, உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வெறும் கண்ணாலேயே சுவரைப் பார்த்தார்.

"கொம்பு இருக்கு" என்றார். "காது இருக்கு."

மூக்கு இருக்கவேண்டிய இடத்தைத் தேடிக் கண்ணைச் சுருக்கினார்.

கதவு மணி கிணுகிணுக்க யாரோ உள்ளே வந்தார்கள். குளிர்காற்றும் கூடவே வந்தது. லாய்ட் அவர்களைச் சற்றுப் பொறுக்கும்படி கைகாட்டினார். கண்ணைப் பொத்திய கையை எடுக்காமலே வெர்ன் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அங்கயேதான் நிக்கிறியா?"

"இங்கதான் நிக்கிறேன்."

அவர் தலையை மெல்ல இடப்பக்கம் சாய்த்தார். பிறகு வலப்பக்கம். தூணுக்குப் பின்னால் நிற்கிறவரை எட்டிப் பார்ப்பதுபோல மோவாயைச் சற்று உயர்த்தினார். தன் முடியும் மேலங்கியின் கழுத்துப்பட்டியும் அவருக்குத் தெரிகின்றன என்று அவளுக்குப் புரிந்தது. அவற்றுக்கு நடுவே எதையோ தேடி அவர் தலை மெதுவாக வட்டமிட்டுக்கொண்டிருந்தது. எந்த முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியாமல், இருந்த முகத்தோடு, அவள் அசையாமல் நின்றாள்.