அடுப்பை அணைத்தவர்

போர்முனையிலிருந்து திரும்பிய லாரி டிரைவர் சாக்குப் பையை வாசலில் இறக்கினார். "உங்க வீட்டுக்காரர் குடுத்தாரு. கனமா இருக்கு, பாத்துத் தூக்குங்க."

உள்ளே ஐந்து லிட்டர் குக்கர். மாமியாருக்கு முகமெல்லாம் பல். மூன்று மாதத்துக்கு ஒரு சிலிண்டர் என்று ஆனபிறகு குக்கர் இருக்கிற வீடே கொடுத்துவைத்த வீடு; எங்களுடையது ஓட்டையாகி வருஷமாகிறது.

மூடி அசையவில்லை. நான் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்ள, மாமியார் கைப்பிடியைத் திருகினார். திறந்த வேகத்தில் இருவரும் பின்னால் சாய்ந்தோம். பச்சையும் கறுப்புமாகப் பூத்துக் கிடந்தது சோறு. அதில் பாதி புதைந்து ஒரு சின்னக் கிண்ணம். கிண்ணத்தின் அடியில் பொடிப்பொடியாக நறுக்கிய கேரட் ஒட்டியிருந்தது. சரியாகப் பல் முளைக்காத வாய்க்குத்தான் அப்படி நறுக்குவார்கள். என் மகளுக்கு நான் நறுக்கியிருக்கிறேன்.

கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தேன்.

"சோடா போட்டுத் தேய்ச்சா போயிடும்," என்றார் மாமியார்.

"யார் வீட்டுதோ அத்தை."

"ஊரே காலி பண்ணிட்டு ஓடிருச்சாம். ஆத்துல போற தண்ணி, ஐயா குடி அம்மா குடி. என் புள்ள எடுக்கலன்னா இன்னொருத்தன் எடுப்பான். ரொம்ப மூக்கச் சுளிச்சா நீ சட்டியிலயே பொங்கிக்க."

சனிக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் போர்முனையிலிருந்து போனில் ஐந்து நிமிடம் பேச அனுமதி உண்டு. அன்று சனிக்கிழமை. கேட்டுவிடுவது என்று உட்கார்ந்திருந்தேன்.

"குக்கர் வந்துச்சா?" கல்யாணமான புதிதில் முதல் புடவை வாங்கி வந்து என் முகத்தைப் பார்த்தாரே, அதே ஆவல்.

"வந்துச்சு. உள்ள சோறு இருந்துச்சு."

சிரித்தார். "அட, திறந்து பாக்க எங்க நேரம். நாங்க உள்ள போறப்ப விசில் அடிச்சிட்டு இருந்துச்சு. நான்தான் அடுப்ப அணைச்சேன். இல்லன்னா வீடே எரிஞ்சிருக்கும்."

"அந்த வீட்டுல இருந்தவங்க?"



"பாப்பா என்ன பண்றா?" என்றார்.

இன்னொரு தரம் கேட்டால் சொல்லிவிடுவார் என்று தோன்றியது. சொல்லிவிட்டால், அடுத்த மாதம் லீவில் வரும்போது அந்தக் கைகளுக்குப் பக்கத்தில் எப்படிப் படுப்பேன்? தெரியாவிட்டால் படுத்துவிடுவேன். அவ்வளவுதான் நான்.

"விளையாடுறா," என்றேன்.

"அளவு சரியா இருக்கா?"

"நாலு பேருக்குத் தாராளம். வாஷர்தான் கொஞ்சம் தளர்ந்திருக்கு."

"வேற பாத்து எடுத்து அனுப்புறேன்."

"சரிங்க," என்றேன். என் குரல் நன்றாகத்தான் இருந்தது.

சமையலறையில் மாமியார் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மூடியை வாங்கிக்கொண்டேன். விளிம்பின் உள்பக்கம் நார் எட்டவில்லை. நகத்தால் சுரண்டி எடுத்தேன்.