ஜேகோவுக்கு வாசித்தது

மெர்ரின் பியானோவை வேகமாக வாசிப்பாள். மலைச் சுரங்க ஊரான குவீன்ஸ்டவுனில் அவளைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்திருந்தது அது ஒன்றுதான். பன்னிரண்டு வயதில் ஹோபார்ட்டில் பியானோப் போட்டியில் பரிசு வாங்கி வந்தபோது பேக்கரி வாசலில் நின்றவர்கள், "விரலா அது, மெஷினா?" என்றார்கள். நன்றாக வாசித்தாளா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. மேடையில் உட்கார்ந்ததும் வயிற்றுக்குள் ஒரு பயம் கிளம்பும். அது கைக்கு வந்து சேர்வதற்குள் வாசித்து முடித்துவிட வேண்டும். வேகத்தின் ரகசியம் அவ்வளவுதான்.

அந்த ரகசியம் அவள் அண்ணன் ஜேகோவுக்கு மட்டும் தெரியும். ஜேகோவுக்குச் சுரங்கத்தில் வேலை, சனிக்கிழமைகளில் ஊர் அணிக்குக் கால்பந்து. ஓயாமல் மழை பெய்யும் அந்த ஊர் மைதானத்தில் புல் கிடையாது, வெறும் சரளைக்கல். முழங்கால் தோலெல்லாம் உரிந்து வீட்டுக்கு வருவான். குளிக்கக்கூடப் போகாமல் பியானோவுக்கு அடியில் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வான்.

"அந்தச் சண்டைய வாசிடி."

சண்டை என்று அவன் சொன்னது, லிஸ்ட் என்ற இசையமைப்பாளர் எழுதிய ஓர் எட்யூட், விரல்களைச் சோதிக்கும் பயிற்சி உருப்படி. இடது கை கீழ்க்கட்டைகளில் இங்கும் அங்கும் தாவித் தாவி இடிக்கும். வலது கை அதற்குமேல் நிற்காமல் ஓடும். பெரிய பெரிய வித்வான்களே அதை வாசிக்கும் முன் மணிக்கட்டை உதறிக்கொள்வார்கள்.

"இப்படி அடிச்சுக்குதே ரெண்டு கையும், கடைசில யாரு ஜெயிக்கிறா?"

"யாருமில்ல. முடிஞ்சிடும்."

"அப்புறம் எதுக்கு இந்த ஓட்டம்? போலீஸா துரத்துது?"

இருபத்தொரு வயதில் மெல்பர்னில் நடந்த பெரிய போட்டிக்கு அதே எட்யூடைக் கொண்டுபோனாள். பாதி தாண்டியதும் வலது கைக்கு அடுத்த கட்டை மறந்துபோனது. பின்னால் போய் மறுபடி ஆரம்பித்தாள். அதே இடத்தில் நின்றது. மூன்றாம் முறையும் நின்றபோது எழுந்து, குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போனாள். யாரோ இரக்கப்பட்டுக் கைதட்டினார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவள் திரும்பி வந்த கப்பல் நின்ற டெவன்போர்ட் துறைமுகத்துக்கு ஜேகோ வண்டி எடுத்து வந்திருந்தான். வழியில் நிறுத்தி, மாவுக்குள் சிப்பிக்கறி வைத்துச் சுட்ட பை பலகாரம் இரண்டு வாங்கி வந்து அவள் மடியில் ஒன்றைப் போட்டான்.

"எங்க மாட்டுன?"

"நடுவுல. சூடு பிடிக்கிற எடத்துல."

"போன வாரம் கோலுக்கு நேரா நிக்கிறேன். பக்கத்துல ஒரு பய இல்ல. வெளிய ஒதைச்சேன். எங்க டீம் டோபின் இன்னும் எங்கூடப் பேசல."

"அது வேற, ஜேகோ."

"வேறதான். என்னயப் பாத்தவன் பூரா கார்ல உக்காந்துட்டு ஹாரன் அடிச்சான். ஒனக்கு ஹாரனாச்சும் அடிக்காம விட்டானுங்களே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். அவன் அவள் பக்கம் திரும்பாமல் சாலையைப் பார்த்து ஓட்டினான்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் பியானோவைத் திறக்கவே இல்லை. ஜேகோவும் வற்புறுத்தவில்லை. தரையில் படுப்பதை மட்டும் விடவில்லை. மூடிய பியானோவுக்கு அடியில் படுத்து, கண்ணை மூடிக்கொள்வான். "என்னடா பண்ற?" என்றால், "கேட்டுட்டு இருக்கேன்" என்பான்.

குளிர் உச்சத்தில் இருந்த ஜூலையில் ஒரு காலை, உறைபனி படிந்த மலைவளைவில் அவன் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. போலீஸ்காரர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். பள்ளிக்கூட கேன்டீனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா கிளெனிஸ், "உள்ள வாங்க, கால மட்டும் தொடச்சிட்டு வாங்க" என்றாள். அவரும் கவனமாகத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னார்.

இறுதிச் சடங்கு கால்பந்து கிளப் கூடத்தில். சர்ச்சில் அவ்வளவு கூட்டத்துக்கு இடமில்லை. முந்தின நாள் அம்மா மெர்ரினிடம், "சின்னதா ஒரு கீதம் வாசி. அமைதியா. வேற எதுவும் வேணாம்" என்றாள். மெர்ரின் தலையசைத்தாள்.

கூடத்தின் பியானோ ஈரத்தில் ஊறிப்போனது. கட்டைகள் கல்லாகக் கனத்தன. இரண்டு கட்டைகள் அமுக்கினால் எழும்பவில்லை. கீதத்தின் முதல் சுரத்தில் கையை வைத்தாள். இந்த மாதிரிப் பாட்டுக்கு ஜேகோ ஒருநாளாவது அசையாமல் படுத்திருந்தானா என்று தோன்றியது. கை எட்யூடின் இடத்துக்கு மாறியது. தன்னை அறியாமல் நடந்துவிட்டது என்றுதான் பிறகு சொல்லிக்கொண்டாள். அது முழு உண்மை இல்லை.

அந்தப் பியானோவில் ஓட முடியவில்லை. ஒவ்வொரு கட்டையையும் தோளிலிருந்து அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது. பயம் வழக்கம்போல் வயிற்றில் கிளம்பி, நெஞ்சு ஏறி, கைக்கும் வந்துவிட்டது. தப்பிக்க வழியில்லை. பயந்த கையோடேயே வாசித்தாள். அப்போதுதான் இடது கை அவள் காதில் விழுந்தது. இத்தனை வருடம் அதை வெறும் இடி என்று நினைத்திருந்தாள். அது ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. வலது கை பதில் சொல்லாமல் நழுவிக்கொண்டே இருந்தது. தப்புச் சுரங்கள் ஏராளம். நிற்காமல் முடித்தாள்.

கூடத்தில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ சாண்ட்விச் தட்டின் மூடியை எடுத்தார்கள்.

சமையலறையில் அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எம் புள்ள பெட்டிக்குள்ள கெடக்கான். நீ இங்க வித்த காட்டுற."

"அவனுக்குப் பிடிச்சது அதாம்மா."

"அவன் கேக்கலடி. நான்தான கேட்டேன்? ஒண்ணே ஒண்ணு கேட்டேன்."

மெர்ரின் கையை விடுவித்துக்கொண்டு நடந்தாள். வெளியே தாழ்வாரத்தில் மழையைப் பார்த்தபடி டோபின் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நல்லாருந்துச்சுன்னு சொல்லணும்னு பாக்கறேன்," என்றான். "பொய்யா வருது. எனக்குப் பயமா இருந்துச்சு, மெர்."

"எனக்குந்தான்."

"அவன் தரையில படுத்துத்தான் கேப்பானாமே?"

"ஆமா."

"லூசுப்பய," என்றவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அடுத்த மாதம் ஹோபார்ட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். இசைப்பள்ளியில் காலையில் முதல் ஆளாகப் போய் உட்காருவாள். எட்யூடை ஆமை வேகத்தில் வாசித்தாள். இடது கை மட்டும், வாரக்கணக்கில். பக்கத்து அறைப் பிள்ளைகள், "அக்கா தூங்கிட்டாங்களா?" என்று கேலி பண்ணினார்கள். வேகம் தானாகத் திரும்பி வந்தது. ஆனால் இப்போது அது ஓட்டமாக இல்லை. எந்த இடத்திலும் நிற்க முடியும், நின்று கேட்க முடியும் என்கிற தெம்போடு வந்த வேகம். நூலகத்திலும் முதியோர் இல்லத்திலும் வாசித்தாள். ஒவ்வொரு முறையும் பயம் வந்தது. வரட்டும் என்று விட்டாள்.

அம்மாவோடு போனில் பேச்சு மழையைப் பற்றித்தான். ஜேகோவின் பெயரை இருவரும் எடுக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து மறுபடி மெல்பர்ன். கடைசிச் சுற்றுவரை போனாள். எட்யூடின் கடைசிச் சுரம் அடங்கியபின் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கைதட்டல் எழுந்தது. இந்த முறை அது இரக்கமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பரிசு ஒரு சிட்னிப் பையனுக்குப் போனது. அவன் அழகாக வாசித்தான், அவளுக்கு வருத்தமில்லை. அடிலெய்டிலிருந்து வந்திருந்த ஒருவர் அவளைத் தேடி வந்து அங்கே கச்சேரி செய்ய அழைத்தார். அவர் போனதும், இதை யாரிடம் சொல்வது என்று போனைக் கையில் எடுத்தாள். சொல்ல வேண்டியவனின் எண் இன்னும் அதில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மேடைக்குப் பின்னால் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அம்மாவின் அழைப்பு வந்தது.

"ரேடியோல கேட்டேன்."

"எப்படிம்மா இருந்துச்சு?"

"சத்தமா இருந்துச்சு." ரேடியோவை அணைக்கும் சத்தம் கேட்டது. "அன்னிக்கு அந்தக் கீதம் அவனுக்காகக் கேக்கல. எனக்காகத்தான் கேட்டேன். அத வாசிச்சா எனக்கு அழுக வந்துடும்னு நெனச்சேன். நீ வேற வாசிச்ச. எனக்குக் கோவம்தான் வந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் நான் அழல மெர்ரின்."

"மன்னிச்சிடும்மா."

"மன்னிக்கல," என்றாள் கிளெனிஸ். கோபமில்லாமல்தான் சொன்னாள். "ஆனா வீட்டுக்கு வா."

மெர்ரின் போனாள். அம்மா ஆட்டுக்கறி ரோஸ்ட் செய்து வைத்திருந்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெளியே மழை. அவள் இருந்த நாட்களில் பியானோ மூடியேதான் இருந்தது. கிளம்பும் அன்று பஸ் நிறுத்தத்தில் அம்மா அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள். குழந்தைக்குப் போடுவதுபோல் கழுத்துவரை.

"அடிலெய்ட்ல குளுருமா?"

"இவ்வளவு இருக்காதும்மா."

பஸ் வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் மெர்ரின் கண்களை மூடிக்கொண்டாள். ஜேகோ விழுந்தது எந்த வளைவு என்று அவளுக்குத் தெரியும். அது கடந்துபோகும்வரை இடது கை விரல்கள் மடியில் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன.